வன்னிக் குரங்குகளை எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும்

சித்தப்பாவின் வளவு இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரம். போர் முடிந்து மீள்குடியேறி வந்து வைத்த தென்னைகள் இப்போது காய்க்கின்றன, ஆனால் குரும்பையிலேயே குரங்கு பிடுங்கி எறிந்துவிடும். கச்சான் (நிலக்கடலை) போட்டால் செடியோடு கிளறிவிடும். இந்த 67 வயதிலும் விடிய 5.30க்குத் தகரத்தைத் தட்டிக்கொண்டு அவர் இறங்க வேண்டியிருக்கிறது. குரங்கைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் எழுதினால் முதலில் கோபப்படப் போகிறவர் அவர்தான். அந்தக் கோபம் நியாயமானது.

குரங்கு, மந்தி, தேவாங்கு, மனிதக் குரங்கு எல்லாவற்றையும் ஆராய்கிறவர்களுக்கு உலக அளவில் ஒரு சங்கம் இருக்கிறது: இன்டர்நேஷனல் பிரைமட்டோலொஜிக்கல் சொசைட்டி. 1966இல் ஜெர்மனியின் பிராங்போர்ட்டில் முதல் மாநாடு, 2025இல் மடகாஸ்கரில். மாநாட்டோடு நிற்காமல் ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் சிறு உதவித்தொகைகள் கொடுக்கிறார்கள். இந்த விலங்குகள் வாழும் நாடுகளிலேயே ஆராய்ச்சியாளர்களும் ஆசிரியர்களும் உருவாக வேண்டும் என்பதில் அவர்களுக்கு அக்கறை உண்டு.

அப்படிப்பட்ட இடம்தானே வன்னி! எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவை மூன்று வகை. நாங்கள் வெறுமனே குரங்கு என்று சொல்வது, உச்சந்தலையில் மயிர் வட்டமாகப் படிந்த செம்பழுப்பு நிறத்தது, இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. உயிரினங்களின் நிலையைச் சொல்லும் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளதாக இருக்கிறது. கன்னத்துக்குள் பை இருப்பதால் கச்சானை அவசரமாக அடக்கிக்கொண்டு ஓடி, மரத்தில் இருந்து ஆறுதலாகத் தின்னும். கரிய முகமும் நீண்ட வாலும் உள்ள மந்திக்கு அந்தப் பை இல்லை. அதன் இரைப்பை இலையைச் செரிக்கப் பல அறைகளாக அமைந்தது. பாலை மரத்தில் மந்தி தின்னும்போது கீழே விழும் இலைக்காகப் புள்ளிமான் வந்து நிற்பதை எங்கள் காட்டில் பார்க்காதவர் யார்? மூன்றாவது தேவாங்கு. இரவில் டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு கண் மட்டும் மின்னும். பூச்சி பிடித்துத் தின்னும் அப்பாவிப் பிராணி.

பொலன்னறுவையில் வொல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968இல் குரங்குகளைக் கவனிக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் முகம் பார்த்து அடையாளம் கண்டு, தலைமுறை தலைமுறையாகக் குறித்த வேலை அது. பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை வாழும், ஆண் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். இதைத் தெரிந்துகொண்டு யோசியுங்கள். பத்துக் குரங்கைக் கூட்டில் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன நடக்கும்? உறவுக் கூட்டம் உடைகிறது, போன இடத்தில் ஏற்கெனவே வேறு கூட்டம் இருக்கிறது, விட்டவை பக்கத்து ஊர்த் தோட்டத்தில் இறங்கும். சித்தப்பாவின் தொல்லை இன்னொரு சித்தப்பாவுக்குப் போகும், அவ்வளவுதான்.

2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது, வழக்கும் வந்தது, கடைசியில் அனுப்பவில்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 5 நிமிடம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். நானும் சித்தப்பா வளவில் தாளோடு நின்றேன். 11 எண்ணினேன். 8.20க்கு மிச்சக் கூட்டம் வந்தது, குட்டிகளோடு. விவசாயியின் இழப்பை நினைத்து அரசு கணக்கெடுத்ததே நல்லது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தக் கூட்டம் எந்த மரத்தில் தூங்குகிறது, பாலைப்பழக் காலத்தில் வளவுக்கு வருவது குறைகிறதா, காடு வெட்டிய பக்கத்திலிருந்துதான் கூடுதலாக வருகிறதா என்பதெல்லாம் 5 நிமிடத்தில் தெரியாது. யாராவது ஒரு வருடம் கூடவே நடக்க வேண்டும்.

அதை ஏன் எங்கள் பிள்ளை செய்யக்கூடாது? யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான் அறிந்த வன்னிப் பிள்ளைகளில் குரங்கை ஆய்வுக்கு எடுத்தவர் ஒருவரும் இல்லை. "குரங்கைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?" என்று வீட்டிலேயே கேட்டு மடக்கிவிடுகிறோம். அப்புறம் வெளியிலிருந்து யாரோ வந்து எங்கள் காட்டைப் பற்றி எழுதினால் அதைப் பகிர்ந்து பெருமைப்படுகிறோம்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எந்தக் கூட்டம் எந்தப் பக்கத்தால் வரும், எந்தக் கிழவி முன்னுக்கு வரும், எந்த மாதம் ஒன்றும் வராது என்று ஒரு மணித்தியாலம் சொன்னார். நான் எழுதி முடிக்கவில்லை.

விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் இதை வாசித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். தங்குவதற்குக் காவல் கொட்டில் இருக்கிறது, சாப்பாட்டைச் சித்தி பார்த்துக்கொள்வா.