எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம்

மேலே ஒருவர், "பாலியல் புகார் என்றால் சம்பவம் நடந்த ஏரியா ஸ்டேஷனுக்குத்தான் போகவேண்டும், தேதி நேரம் தடுமாறினால் கேஸே எடுக்க மாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனும் புகாரைப் பதிந்தாக வேண்டும். வேலூரில் நடந்ததை மும்பை தாராவியில் சொன்னாலும் செல்லும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். (சம்பவம் வேறு ஏரியாவில் நடந்திருந்தாலும் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டு வேலூருக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பாலியல் புகார் கொடுப்பவர் பாதிக்கப்பட்ட பெண் என்றால், எழுதிக்கொள்பவர் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதியாமல் விட்டால் போலீஸ்காரருக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல். நடைமுறையில் அலையவிடுகிறார்கள், சரி. அதற்காக அதையே சட்டம் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் அந்தத் தடுமாற்றம். அதிர்ச்சியில் இருப்பவருக்கு நினைவு வரிசையாக வராது. "எத்தனை மணி? ஏன் கத்தவில்லை?" என்று குறுக்கே குறுக்கே கேட்டால் இன்னும் குழம்பும். நடந்ததை அவர் போக்கில் சொல்லவிட்டு, கடைசியில் கேட்பதுதான் முறை.

இங்கே மும்பையில் நமக்கு மொழி வேறு சிக்கல். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். அவர் தமிழில் "புடிச்சு இழுத்தான்" என்றார், மராத்தியில் "ஹாத் லாவ்லா" என்று எழுதினார்கள். அதாவது தொட்டானாம்! வாசித்துக் காட்டச் சொன்னதால் பிடிபட்டது, திருத்தினார்கள். வாசித்துக் காட்ட வேண்டியதும் நகலை இலவசமாகத் தரவேண்டியதும் அதே 173-இல்தான் இருக்கிறது. கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.