லாபுட்டா: இயந்திரத்துக்குக் கிடைத்த நியாயம் வில்லனுக்குக் கிடைக்கவில்லை

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'லாபுட்டா' 1986இல் வந்தது. ஸ்டுடியோ கிப்லியின் பெயரில் வெளியான முதல் படம். எனக்கு உயிரான படம். அதனால்தான் அதன் குறையும் உறுத்துகிறது.

கதை எளிமையானது. நீலக்கல் ஒன்றின் ஒளியில் வானத்திலிருந்து மெல்ல இறங்குகிறாள் ஷீட்டா. சுரங்க ஊரில் வேலை பார்க்கும் சிறுவன் பாஸு அவளைக் கைகளில் தாங்குகிறான். அந்தக் கல்லுக்காக வான் கொள்ளையர்களும் ராணுவமும் துரத்த, அப்புறம் ஓட்டம்தான். உயரமான மரப்பாலத்தின் மேல் நடக்கும் ரயில் துரத்தலில் யார் எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு நெருங்கிவிட்டார்கள் என்பது ஒரு நொடிகூடக் குழம்பாது. இன்றைய பெரிய பட்ஜெட் சண்டைக் காட்சிகளில் இந்தத் தெளிவு அபூர்வம்.

அந்த சுரங்க ஊரும் வெறும் பின்னணி இல்லை. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் 1984-85 வேலைநிறுத்தத்தில் காட்டிய உறுதி மியாசாகியை ஆழமாகப் பாதித்தது. கொள்ளையர்களை மறித்து நிற்கும் தொழிலாளர்களிடம் அது தெரிகிறது.

படத்தின் உச்சம் ரோபோதான். ராணுவக் கோட்டையையே கொளுத்திய அதே வகை ரோபோ, வானில் மிதக்கும் தீவான லாபுட்டாவின் தோட்டத்தில் பறவைக் கூட்டின் மேல் கிடக்கும் கிளைடரைப் பதமாகத் தூக்கி நகர்த்துகிறது. ஷீட்டாவிடம் ஒரு பூவை நீட்டுகிறது. அழிப்பதும் காப்பதும் ஒரே இயந்திரம். ஒரு வசனம்கூட இல்லாமல் இதைச் சொல்லிவிடுகிறார்.

சரி, மனிதர்களிடம் வரும்போது இந்த நுணுக்கம் எங்கே போனது? படத்தின் வில்லன் முஸ்காவும் லாபுட்டாவின் அரச வம்சம்தான், ஷீட்டாவைப் போலவே. ஒரே ரத்தம், இரண்டு வாழ்க்கை. எவ்வளவு பெரிய வாய்ப்பு! அவன் எப்படி வளர்ந்தான், எதை இழந்தான் என்று படம் ஒரு நிமிடம்கூடக் கேட்பதில்லை. கடலில் பேராயுதத்தை வெடித்துக் காட்டி, ராமாயணம் சொல்லும் இந்திரனின் அம்பு இதுதான் என்று பெருமையடிக்கிறான். கேட்கும்போது நமக்குச் சட்டென்று நிமிர்ந்து உட்காரத் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகும் அவன் வெறும் சிரிக்கும் கொடியவன்தான். 1997இல் வந்த 'இளவரசி மோனோனோகே'யில் காட்டை அழிக்கும் எபோஷியே தொழுநோயாளிகளுக்கு அடைக்கலம் தருகிறாள். அவளை நம்மால் முழுதாக வெறுக்க முடியாது. அந்த முதிர்ச்சி இங்கே இன்னும் வரவில்லை.

இன்னொன்று, முஸ்கா வானிலிருந்து வீழ்த்தும் படைவீரர்களின் சாவு. அத்தனை பேர் விழுகிறார்கள், ஒருவருக்காகவும் படம் நிற்பதில்லை. சின்னப் பிள்ளைகளோடு பார்த்தால் அந்த இடத்தில் பக்கத்தில் இருங்கள். கடைசியில் மண்ணைப் பிரிந்து வாழ முடியாது என்று ஷீட்டா பேசும் வசனமும் தேவையில்லை, தோட்டம் அதை முன்பே சொல்லிவிட்டது.

பார்ப்பதானால் ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள். டிஸ்னியின் ஆங்கிலப் பதிப்புக்காக ஜோ ஹிசாய்ஷி இசையை நீட்டி எழுதினார். நல்ல இசைதான், ஆனால் மூலத்தில் அமைதியாக விட்டிருந்த பல இடங்களை அது நிரப்பிவிடுகிறது.