'நேயர் விருப்பம்' நாடகம் முதலில் அரங்கேறியது எங்கே?

ஒரே ஒரு நடிகை மட்டும் தோன்றும் 'நேயர் விருப்பம்' நாடகம் 1981இல் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கப் படைப்பு என்று ஒரு நண்பர் குறிப்பிட்டுள்ளார். அது சரியன்று. ஃபிரான்ஸ் ஸாவர் குரோட்ஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய இந்நாடகம் 1973இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் முதன்முதலாக மேடையேறியது. ஜோன் மக்கின்டோஷ் நடிக்க, ஜோஆன் அகலைடிஸ் இயக்கிய நியூயார்க் மேடையேற்றம் அதன் மொழிபெயர்ப்பே.

வேலை முடிந்து வீடு திரும்பும் செல்வி ராஷ் சமைத்து உண்டு, வானொலியில் நேயர் விருப்பப் பாடல்களைக் கேட்டு, இறுதியில் தூக்க மாத்திரைகளை விழுங்கும் வரை ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பதால், பார்வையாளருக்கு மூலமொழி புலப்படாமல் போவது இயல்புதான். ஆயினும் அவளது ஒவ்வொரு அசைவும் குரோட்ஸ் எழுத்தில் வகுத்துத் தந்தது. (சென்னையில் நடனக் கலைஞர் சந்திரலேகாவும் இந்த மௌனப் பாத்திரத்தை ஏற்று நடித்திருக்கிறார்.)

ஐயமிருப்பவர்கள் ஜெர்மன் தேசிய நூலகத்தின் இணையப் பட்டியலில் ஆசிரியர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நியூயார்க் மேடையேற்றத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1972இல், ஸூர்காம்ப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நான்கு நாடகங்களின் தொகுப்பில் இதுவும் ஒன்றாக இருப்பதை அங்கே காணலாம்.