முதலில் ஓ.பி. சீட்டைப் பாருங்கள்

கடந்த வாரம் நம் சேலத்தில் நடந்த அந்த 'ஆராய்ச்சி உத்தி'க் கூட்டத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டீர்கள். காணொளியும் எல்லார் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதனால் நடந்ததை மறுபடி முழுதாக விவரிக்கப் போவதில்லை. வெள்ளிப் பட்டறைத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பரிசோதித்து ஆய்வு செய்ய விரும்புகிறேன் என்று ஒரு முதுநிலை மருத்துவ மாணவி எழுந்து சொன்னார். மேடையில் இருந்தவர், "இதையெல்லாம் எந்த நல்ல ஆய்விதழ் போடும்? செயற்கை நுண்ணறிவில் ஏதாவது யோசியுங்கள், அம்மா" என்றார். அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். மேடையில் சொல்லப்பட்டதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது? சிவதாபுரம், பனங்காடு பக்கம் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் முன்னறையே பட்டறை. கொலுசைப் பற்றவைக்கும் சுவாலை ஒரு பக்கம், வெள்ளியைச் சுத்தம் செய்யும் அமிலத்தின் நெடி இன்னொரு பக்கம், அடுத்த அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். வெள்ளியை ஒட்டவைக்கும் பற்றாசில் காட்மியம் என்ற உலோகம் கலந்திருந்தால் அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது பாடநூலிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் அது எவ்வளவு, யாரை, எத்தனை ஆண்டு வேலைக்குப் பிறகு பாதிக்கிறது? அந்த மாணவி கேட்டது இதைத்தான். விடை தேட மூச்சின் அளவை அளக்கும் ஒரு ஸ்பைரோமீட்டர், ஒழுங்கான கேள்வித்தாள், சிறுநீர் மாதிரிகளைப் பரிசோதிக்க ஓர் ஆய்வகம், சந்து சந்தாக நடக்கத் தயாரான இரண்டு கால்கள் வேண்டும். கடைசியாகச் சொன்னது அவரிடம் இருந்தது. மற்றவற்றைத் தர வேண்டியவர்கள் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான், திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி, அதன் புறநோயாளிப் பிரிவில் காலை ஏழு மணிக்கு வந்து நிற்கும் வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியலிலிருந்து அல்ல.

அந்த வரிசையில் நிற்பவர்களின் கையில் இருக்கும் ஓ.பி. சீட்டைப் பாருங்கள். பெயர், வயது, ஊர், தொழில். தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? 'கூலி'. வெள்ளிப் பட்டறையில் வேலை செய்பவர் கூலி. ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளி மாவோடு நாள் முழுதும் ஈரத்தில் நிற்பவர் கூலி. வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் தூசியை விழுங்கியவர் கூலி. விசைத்தறிச் சத்தத்தில் காது மந்தமானவரும் கூலி. பெண்ணாக இருந்தால் பெரும்பாலும் 'வீட்டு வேலை', அவர் தினமும் எட்டு மணி நேரம் கொலுசு கோத்தாலும்கூட. இப்படி எழுதி வைத்த பிறகு எந்த நோய் எந்த வேலையால் வந்தது என்று யார் எப்படிக் கண்டுபிடிப்பது? முப்பது ஆண்டுச் சீட்டுகளை அள்ளிக் கொட்டினாலும் ஒரு விடை கிடைக்காது. 'ஆராய்ச்சிக்கான தொலைநோக்குத் திட்டம்' என்று பளபளப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்தார்களே, அதில் இந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்குச் சமுதாய மருத்துவம் கற்றுக்கொடுத்த ஆசிரியர் இப்போது உயிரோடு இல்லை. மாணவர்களைச் சேலத்தில் குகை என்ற பகுதியில் உள்ள தறி வீடுகளுக்கு நடத்தியே கூட்டிப் போவார். "நோயாளியிடம் என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன் என்ன வேலை செய்கிறாய் என்று கேள், அந்த வேலையை ஒரு முறை நின்று பார்" என்பார். கேஸ் ஷீட்டில் நாங்கள் 'கூலி' என்று எழுதிக்கொண்டு போனால் வாங்க மாட்டார், திருப்பி அனுப்புவார். அவர் பெயரில் பெரிய இதழ்களில் கட்டுரைகள் அதிகம் இல்லை. இன்றைய கணக்குப்படி அவர் தோல்வியுற்ற கல்வியாளர். அவரிடம் படித்த நாங்கள் இன்றும் நோயாளியின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத்தான் நாடியைப் பிடிக்கிறோம்.

உள்ளூர்க் கேள்விகளை எந்தப் பெரிய இதழும் மதிக்காது என்பது வரலாறு தெரியாதவர்கள் பேசும் பேச்சு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அப்போது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி சென்னையின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து வந்தது. காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் சானடோரியத்தில் படுக்கை கிடைக்காத ஏழை நோயாளியை அவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியுமா? ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும், இன்னொரு பகுதியினருக்கு அதே மருந்துகள் அவர்களுடைய வீட்டில், வறுமைக்கும் நெருக்கடிக்கும் நடுவில். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. வீட்டில் நோயாளியோடு இருந்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அதன் பிறகு உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. படுக்கை இல்லாத ஊர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையைப் பணக்கார நாடுகளும் எடுத்துக்கொண்டன.

அதே 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற நோய்க்குறியியல் பேராசிரியர், காலரா கிருமி வெளியிடும் நச்சுதான் அந்தக் கொடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது என்று முயல்களின் குடலைக் கொண்டு நிரூபித்தார். உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழான 'நேச்சர்' அதை வெளியிட்டது. காலரா அவருடைய வங்காளத்தின் நோய். வாசலில் நின்ற நோயைத்தான் அவர் ஆராய்ந்தார்.

நம் மாணவியின் கேள்விக்கு இன்னும் நெருக்கமான முன்னுதாரணமும் உண்டு. குஜராத்தின் கம்பாத் நகரில் அகேட் என்ற மணிக்கல்லை வீடுகளில் வைத்துத் தேய்த்து மணியாக்குகிறார்கள். அந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயை அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆய்வு செய்தது. வீடே பட்டறை, பதிவு இல்லாத தொழிலாளர்கள், அருகிலேயே குழந்தைகள். சேலத்தின் வெள்ளித் தொழிலும் அப்படித்தானே நடக்கிறது? அங்கே செய்ய முடிந்ததை இங்கே முன்மொழிந்தால் அது ஏன் சிரிப்பாகிறது?

இனி, எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும். தரவரிசை வேண்டாமா என்று கேட்பீர்கள். 2018 முதல் மத்திய அரசின் தேசிய தரவரிசையில் (என்.ஐ.ஆர்.எஃப்.) மருத்துவக் கல்லூரிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதில் ஆராய்ச்சிக்கு 30 விழுக்காடு மதிப்பு. நன்றாகத் தெரியும். மாணவர் சேர்க்கையும் நிதியும் அதைப் பார்த்து நகர்வதும் தெரியும். ஆனால் அந்த 30 விழுக்காட்டில் சேலத்தின் பட்டறையைப் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? நல்ல கேள்வி, நல்ல தரவு, நேர்மையான ஆய்வு இருந்தால் கட்டுரை தானே வரும். கட்டுரை எண்ணிக்கையை முதலில் நிர்ணயித்துவிட்டுக் கேள்வியைப் பிறகு தேடுவது, விதைக்காத நிலத்தில் அறுவடைக்கு ஆள் அனுப்புவது.

பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமே சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது. அதன் விளைவு என்ன என்று உள்ளே இருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் எப்படிப் பிழைக்கின்றன? ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று கைப்பேசிக்கு வரும் விளம்பரங்களுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? ஆய்வில் ஒரு நாள்கூடக் கலந்துகொள்ளாத துறைத் தலைவரின் பெயர் இளையவரின் கட்டுரையில் எப்படி ஏறுகிறது? அந்தக் கூட்டத்தில் இதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தார்களா? இரவுப் பணி முடித்து நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவர்களிடம் 'ஆளுக்கு இத்தனை கட்டுரை' என்று இலக்கு மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

செயற்கை நுண்ணறிவுக்கு நான் எதிரி என்றும் சிலர் எழுதுவீர்கள். இல்லை. காசநோயைக் கண்டறிய மார்பு எக்ஸ்ரேயைக் கணினி வாசிப்பதை 2021-இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. நல்ல கருவி அது, நம் மருத்துவமனைகளுக்கும் வரட்டும். ஆனால் அந்தக் கருவிகள் எல்லாம் தரவைத் தின்றுதான் வளர்கின்றன. எல்லாருக்கும் 'கூலி' என்று எழுதிய சீட்டை எந்தக் கணினிக்குக் கொடுத்தாலும் அதற்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை.

நாங்கள் வேலூர் சி.எம்.சி. இல்லை, எங்களிடம் பணம் இல்லை என்று ஒரு நண்பர் நேற்றே தொலைபேசியில் சொன்னார். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பணம் குறைவுதான். ஆனால் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கே சிறு ஆய்வு செய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் உதவித்தொகை தந்துவருகிறது. அதற்கு விண்ணப்பிக்க ஆண்டுதோறும் மாணவர்கள் வழிகாட்டியைத் தேடி அலைகிறார்கள். நேரமில்லை என்று திருப்பி அனுப்பும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், வார்டு அவர்களைப் பிழிந்தெடுக்கிறது. அவர்களுக்கு வாரத்தில் அரை நாள் ஒதுக்கித் தருவதுதான் தலைமையின் வேலை. ஒரு புள்ளியியலாளரை நியமிப்பது தலைமையின் வேலை. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒழுங்காகக் கூடுகிறதா, மாணவரின் விண்ணப்பத்துக்குப் பதில் போகிறதா என்று பார்ப்பது தலைமையின் வேலை. உத்தி வகுத்துத் தர வெளியூரிலிருந்து ஆலோசகர்களை அழைத்த செலவில் இவற்றில் பாதியாவது நடந்திருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு பேசுவது எளிது என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்தபோதும் பேசினேன். அதற்கு எனக்குக் கிடைத்தது என்ன என்பது உடன் இருந்தவர்களுக்குத் தெரியும். அதை இங்கே கொட்டி அனுதாபம் தேட மாட்டேன். ஆனால் மாணவர்கள் முன் சிரித்தவர்கள் யாரும் என்னிடம் தைரியத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம்.

ஏற்காட்டு மலையில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, காபித் தோட்டங்களைத் தாண்டி, ஜீப் போகாத இடத்திலிருந்து நடந்து ஒரு சிற்றூருக்கு மாணவர்களோடு ரத்தசோகைப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பாட்டி கையை நீட்டவில்லை. "போன வருடமும் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள், கண்ணு. அதில் என்ன இருந்தது?" என்று கேட்டார். முந்தைய ஆண்டு வந்தது வேறொரு குழு. அந்த ரத்தத்தின் விடை யாருடைய ஆய்வேட்டிலோ அட்டவணையாகி, தோல் அட்டை போட்டு நூலக அலமாரியில் இருந்திருக்கும். பாட்டிக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரைகூட வந்து சேரவில்லை. அடுத்த மாதம் முடிவுகளையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு நாங்கள் திரும்பிப் போனோம். அப்போதுதான் அவர் கையை நீட்டினார்.

இந்த மாவட்டத்து மக்களிடமிருந்து எடுப்பதை மட்டும் ஆராய்ச்சி என்று பழகிவிட்டோம். ரத்தத்தை, சளியை, எக்ஸ்ரேயை, கையொப்பத்தை எடுக்கிறோம். அவர்கள் உடம்பில் கற்றுத்தான் நாம் எல்லாரும் மருத்துவர் ஆனோம். அவர்களுக்குத் திருப்பித் தரும் எண்ணத்தோடு ஓர் இளம் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டால் அது நல்ல இதழுக்குப் போகாது என்கிறார்கள். எந்த இதழுக்கும் போகாவிட்டால்தான் என்ன? பனங்காட்டில் பத்துப் பட்டறைகளில் புகைபோக்கி வைத்தால் போதாதா? இதைக் கல்வியாளர் பேச்சு இல்லை என்பீர்கள். இருக்கட்டும்.

பேசியவர் யார், எந்த நிறுவனம் என்று கேட்டு உள்பெட்டிக்கு வர வேண்டாம், கருத்துகளிலும் பெயர் போட வேண்டாம், போட்டால் நீக்குவேன். அவரைத் திட்டுவதால் ஒன்றும் ஆகப் போவதில்லை. அந்த மாணவியின் ஆய்வு முன்மொழிவு இன்னும் அவருடைய துறையின் மேசையில்தான் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதில் கையெழுத்திட வேண்டியவர்களில் இருவர் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை கையெழுத்திட்டு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புங்கள். பட்டறைக்காரர்களிடம் பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.