ஒரு கோப்புக்கு மூன்று பூட்டு

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பழைய ஆண்டு மலர் ஒன்றை ஸ்கேன் செய்து, 38 மெகாபைற் அளவுள்ள அந்தக் கோப்பை லினக்ஸ் சேர்வரில் இயங்கும் எமது இணையத்தளத்தில் ஏற்றுவதற்குள் ஒரு முழு மாலைப்பொழுது வீணாகிவிட்டது. (1981 இல் நூலகம் எரிந்ததைக் கண்ட யாழ்ப்பாணத்தில் இதை வெறும் பொழுதுபோக்கு என்று எவரும் சொல்லமாட்டார்கள்.)

சேர்வரின் வாசலில் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற மென்பொருள், யாரும் மாற்றாதவரை 1 மெகாபைற்றுக்கு மேல் எதையும் உள்ளே விடாது என்பதால், முதலில் "அளவு மிகப் பெரிது" என்று பொருள்படும் 413 என்ற பிழையே கிடைத்தது. அதை 64 ஆக உயர்த்தினேன். தளத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியில் (PHP) ஒரு கோப்புக்குரிய 2 மெகாபைற் வரம்பையும் உயர்த்தினேன். அதன் பின்னரும், கோப்பைத் தெரிவு செய்தே அனுப்பிய என்னிடம், "கோப்பொன்றைத் தெரிவு செய்க" என்று படிவம் மிகுந்த மரியாதையோடு கேட்டது! முழுக் கோரிக்கைக்கும் 8 மெகாபைற் என்று இன்னொரு வரம்பு தனியே இருப்பதும், அதைத் தாண்டினால் பிஎச்பி வந்ததையெல்லாம் வெறுமையாக்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும் என்பதும் பிறகுதான் விளங்கியது.

இவ்வளவுக்கும், எமது சேர்வரில் உள்ள லினக்ஸ் வகையான உபுண்டுவில், பிஎச்பியைக் கட்டளை வரியில் இயக்குவதற்கு ஓர் அமைப்புக் கோப்பும் இணையச் சேவைக்கு வேறொன்றும் இருக்க, நான் ஒரு மணிநேரமாகத் திருத்திக்கொண்டிருந்தது இணையத்தளத்தோடு தொடர்பில்லாத முதலாவதை.