ஹாம்லெட் யோசித்தது தப்பா?

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் டென்மார்க் இளவரசன் ஹாம்லெட் என்றாலே "யோசிச்சு யோசிச்சே கெட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கல்லூரியில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நாற்பதைத் தாண்டி மறுபடி படித்தபோது மனசு அதை ஏற்கவில்லை.

நடந்ததைப் பாருங்கள். ராத்திரியில் கோட்டை மதில்மேல், செத்துப்போன ராஜாவான அப்பாவின் ஆவி வருகிறது. 'தோட்டத்தில் தூங்கும்போது உன் சித்தப்பன் என் காதில் விஷம் ஊற்றினான், பழி வாங்கு' என்கிறது. வேறு சாட்சி கிடையாது. வந்தது அப்பாதானா, அப்பா உருவில் வந்த பிசாசா என்று ஹாம்லெட்டுக்குச் சந்தேகம். அரண்மனைக்கு வந்த நாடகக்காரர்களை வைத்து அதே மாதிரிக் கொலையை நடிக்கச் செய்து, இப்போது ராஜாவாக இருக்கும் அந்தச் சித்தப்பன் முகத்தையே கவனிக்கிறான். அவன் பதறி எழுந்தபிறகுதான் ஆவி சொன்னதை நம்புகிறான். இதைப் போய்க் கோழைத்தனம் என்பதா? ஓர் உயிரை எடுக்கும்முன் விசாரிக்க வேண்டாமா?

எங்கள் வீட்டிலும் ஒரு பொழித் தகராறு, அதாவது நில எல்லைத் தகராறு, வந்தது. காங்கயம் பக்கம் தோட்டம். பெரியப்பா ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக் கல்லை நகர்த்திவிட்டார் என்று ஒருத்தர் வந்து ஓதினார். அண்ணன் கொடுவாளோடு கிளம்பி, பெரியப்பாவின் சாளை (தோட்டத்து வீடு) வாசல்வரை போய்விட்டான். நான்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "அளந்து பாத்துரலாம், இரு" என்றேன். சர்வேயர் வந்து புல வரைபடத்தை விரித்து அளந்தார். கல் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அதைச் சுற்றி அருகம்புல் வேரோடிப் பின்னிக் கிடந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவே முடியாது.

நம் பக்கம் பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடும்போது, சங்கர் சீறினால் கூட்டமே சிலிர்க்கும். பொன்னரின் நிதானத்துக்கு அந்தச் சிலிர்ப்பு கிடையாது. கோபத்தை அப்படி ரசித்தே வளர்ந்தவர்கள் நாம். ஹாம்லெட் நாடகத்தில் லேயர்டஸும் கோபக்காரன். அப்பா செத்த சேதி கேட்டதும் ஆள் திரட்டிக்கொண்டு அரண்மனைக் கதவை உடைத்து வருகிறான். அந்த வேகத்தையே ராஜா தனக்குத் தோதாக வளைத்துக்கொள்கிறான். கடைசியில் லேயர்டஸ் தான் விஷம் தடவிய வாளாலேயே சாகிறான்.

ஹாம்லெட் யோசிக்காமல் செய்தது எது? திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும் யாரென்று பாராமல் குத்தியது. செத்தது ராஜாவின் ஆலோசகர் பொலோனியஸ், லேயர்டஸுக்கும் ஹாம்லெட் நேசித்த ஒஃபீலியாவுக்கும் அப்பா. ஒஃபீலியா புத்தி பேதலித்து, கடைசியில் தண்ணீரில் மூழ்கிப் போகிறாள்.

அப்புறம் அந்தக் கப்பல். இங்கிலாந்துக்கு அனுப்பப்படும்போது மனசு அடங்காமல், தூக்கம் பிடிக்காமல் இருட்டில் எழுந்து, கூட வந்தவர்கள் வைத்திருந்த கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிறான். அவன் தலையை வெட்டச் சொல்லி ராஜா எழுதியது! அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருந்தால் அந்தச் சதி அவனுக்குத் தெரிந்தே இருக்காது.

சரி, அவன் கெட்டது எங்கே? சித்தப்பன் தனியாக மண்டியிட்டு ஜெபம் செய்யும் இடத்தில். கொலை உறுதியாகிவிட்டது, வாளையும் உருவியாயிற்று. ஆனால் ஜெபம் செய்யும்போது கொன்றால் சொர்க்கத்துக்குப் போய்விடுவானே, பாவம் செய்யும்போது கொல்லலாம் என்று உறையில் போட்டுவிடுகிறான். அவன் போனபிறகு ராஜா எழுந்து, வாய்தான் ஜெபித்தது, மனசு ஒட்டவில்லை என்கிறான். கொலை நடந்ததா என்று கண்டுபிடித்த அதே மூளை, செத்தவன் எங்கே போவான் என்ற கணக்கில் இறங்கியபோதுதான் வழி தவறியது. அது யாருக்குத் தெரியும்?

நானும் அங்கேதான் தவறினேன். கல் நகரவில்லை என்று தெரிந்த அன்றே பெரியப்பாவைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கொடுவாளோடு அண்ணன் நின்றதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, போகலாம், யாராவது கல்யாணத்தில் பேசிக்கொள்ளலாம், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று இரண்டு வருசம் ஓட்டிவிட்டேன். கடைசியில் எழவுக்குத்தான் அந்த வாசலை மிதித்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற பெரியப்பன் உன்னையக் கேட்டுட்டே இருந்தாரு கண்ணு" என்றார்.