தேவநாகரி மட்டும் போதாது
சமஸ்கிருதச் சுவடிகளைப் படிக்க தேவநாகரி (இந்தி எழுதும் அதே எழுத்து) தெரிந்தால் போதும் என்று, சுவடிகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். அது தெற்கே பொருந்தாது. எங்கள் தாத்தா கோயில் குருக்கள். அவர் விட்டுப்போன ஓலைக்கட்டு ஒன்று பரணில் கிடந்தது. பூஜை முறை, முகூர்த்தம் பார்க்கும் சுலோகம் எல்லாம் கலந்த கட்டு. சமஸ்கிருதம் எம்.ஏ. படித்த தங்கையிடம் கொடுத்தேன், ஒரு வரிகூட ஓடவில்லை. சமஸ்கிருதம் அத்தனையும் கிரந்தத்தில், அதாவது தெற்கே சமஸ்கிருதம் எழுத வழங்கிய எழுத்தில். ஏட்டு எண்கள் ௧, ௨, ௩ என்று தமிழில். இடையிடையே தமிழில் பொருள், அதுவும் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இல்லாமல். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்த பிறகுதான் வெறும் கீறலாக இருந்தது எழுத்தாகத் தெரிந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தனவே, அவற்றிலும் பெரும்பகுதி கிரந்தம்தான். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துச் சுவடிகளில் கிரந்தம், தெலுங்கு, தேவநாகரி, அதற்கு உறவான நந்திநாகரி எல்லாமே உண்டு. கேரளத்தில் மலையாள எழுத்து. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், சுவடிகளை ஸ்கேன் செய்துவிட்டால் கவலை இல்லை என்கிறார். ஸ்கேன் கட்டாயம் வேண்டும், சரி. அந்தப் படத்தைப் படிக்க ஆள் வேண்டுமே! சமஸ்கிருதத் துறைகள் எல்லாவற்றிலும் கிரந்த வகுப்பு இருக்க வேண்டும். தமிழ் எழுத்து தெரிந்தவர்களுக்குப் பல எழுத்துகள் பழகிய முகமாகவே இருக்கும். தங்கைக்கு மூன்று மாதம்தான் பிடித்தது. அப்புறம் தாத்தாவின் ஓலைக்கட்டிலிருந்து இதுவரை பன்னிரண்டு ஏடுகளை நோட்டில் பெயர்த்து எழுதிவிட்டாள்.